ஆசிரியரை ஆக்குவதும் அயர்விப்பதும்

ஜூன் மாதம் பிறந்ததும் நம் குடும்பங்களில் ஒரு வினா தவறாமல் எழுகிறது. "இவ்வாண்டு நம் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் வாய்த்திருக்கிறார்?" என்பதே அது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பொழுதும், பாடநூல்களுக்கு அட்டை போடும் பொழுதும் பெற்றோர் இதைப் பற்றியே பேசிக்கொள்கின்றனர். நல்லவர் என்று பெயர் பெற்ற ஆசிரியர் கிடைத்தால் மனம் நிறைகிறது. புதியவர் ஒருவர் என்று தெரிந்தால் முகம் சற்றே சுருங்குகிறது. இவ்வினா நியாயமானதே. எனினும் இதனோடு சேர்த்துக் கேட்கத்தக்க மற்றொரு வினாவும் உண்டு. "அந்த ஆசிரியருக்கு எத்தகைய பள்ளி வாய்த்திருக்கிறது?" என்னும் அவ்வினாவை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஆசிரியரின் திறமை அவர் கையோடு கொண்டுவரும் குடையைப் போன்றது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இருந்தால் இருக்கும், இல்லையேல் இல்லை. ஆனால் நாம் கண்கூடாகக் கண்டுவருவது வேறு. ஒரு பள்ளியில் ஒளி மங்கியிருந்த ஆசிரியர் பணிமாறுதல் பெற்று வேறு பள்ளிக்குச் சென்ற சில ஆண்டுகளில் அவ்வூர் மக்கள் போற்றும் ஆசிரியராக விளங்குகிறார். இங்கே சுறுசுறுப்புடன் பணியாற்றியவர் அங்கே சென்றபின் கடமைக்குப் பாடம் நடத்துபவராகிவிடுகிறார். ஆள் அவரே; பட்டமும் பயிற்சியும் அவையே. இடையில் மாறியது எது? இதைச் சிந்திப்பதே இம்மாத நம் நோக்கம்.

நம்பிக்கை என்பது யாது?

கனடா நாட்டில் 1925ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2021ஆம் ஆண்டு மறைந்த ஆல்பர்ட் பாண்டூரா என்னும் உளவியல் அறிஞர், 1977ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒரு கருத்தை விளக்கினார். குறித்த ஒரு செயலைச் செய்து முடிக்கத் தன்னால் இயலும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கையே, அவர் அச்செயலில் இறங்குவாரா, எவ்வளவு முயல்வார், இடர் வந்தால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றார் அவர். இதனைத் தன்னாற்றல் நம்பிக்கை என்று நாம் அழைக்கலாம்.

இது ஆணவம் அன்று; தன்னைத் தானே உயர்வாக மதித்துக்கொள்வதும் அன்று. செயலுக்குச் செயல் வேறுபடும் நம்பிக்கை இது. எட்டாம் வகுப்பில் செய்யுளை இனிமையாக நடத்தும் ஆசிரியை ஒருவர், அதே பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கைச் சொல்லித்தர நேர்ந்தால் நடுங்கலாம். நாற்பது பேருள்ள வகுப்பில் தெளிவாக நிற்பவர், இரண்டு பிரிவுகளைச் சேர்த்து எண்பது பேரை ஒரே அறையில் அமர்த்திவிட்டால் தடுமாறலாம். ஆகவே இந்நம்பிக்கை ஆசிரியரின் உள்ளத்தில் மட்டும் வாழ்வதன்று. அவருடைய உள்ளமும், அவர் நிற்கும் இடமும் சந்திக்கும் இடத்தில் வாழ்வது.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கையின் வலிமையை முதலில் எடுத்துக் காட்டியவற்றுள் ஒன்று, 1976ஆம் ஆண்டு வெளிவந்த ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிறுபான்மை இனத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் பயின்ற பள்ளிகளில், வாசிப்புத் திறனை வளர்ப்பதற்கான திட்டம் ஒன்றை அவ்வாய்வாளர் ஆராய்ந்தனர். அப்பொழுது ஆசிரியர்களிடம் கேட்கப்பட்டவற்றுள் இரண்டு கருத்துகள் இருந்தன. மாணவனின் ஊக்கமும் தேர்ச்சியும் பெரும்பாலும் அவன் வீட்டுச் சூழலையே சார்ந்திருப்பதால் ஆசிரியரால் அதிகம் செய்துவிட முடியாது என்பது ஒன்று. முழுமூச்சாக முயன்றால் மிகக் கடினமான மாணவனையும் தன்னால் எட்ட முடியும் என்பது மற்றொன்று. இவற்றை ஏற்கிறீரா, மறுக்கிறீரா என்று வினவினர். தம்மால் இயலும் என்று நம்பிய ஆசிரியர்களிடம் பயின்ற பிள்ளைகளே வாசிப்பில் மிகுதியாக முன்னேறியிருந்தனர் என்று அவ்வாய்வு கண்டது.

அந்த முதற்கருத்தைக் கவனியுங்கள். "வீடு சரியில்லை, நாம் என்ன செய்ய?" என்னும் சொல் நம் ஆசிரியர் அறைகளிலும் கேட்கும் சொல்லன்றோ? தந்தை குடிக்கிறார், தாய் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிடுகிறார், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்பன பொய்யல்ல. ஆனால் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவனும் அதே மாணவன்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் கைவிட்டால் தனிவகுப்பு உண்டு; படித்த அத்தையோ மாமாவோ உண்டு. வறிய வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் நம்பிக்கை இழந்தால் அன்றே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. ஆதலின் ஆசிரியரின் தன்னம்பிக்கை அவருடைய சொந்த மனநலம் பற்றிய செய்தி மட்டுமன்று. கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் எதிர்காலமும் அதில் அடங்கியிருக்கிறது.

நான்கு ஊற்றுகள்

இந்நம்பிக்கை எங்கிருந்து சுரக்கிறது? நான்கு ஊற்றுகளைப் பாண்டூரா சுட்டினார். அந்நான்கையும் நம் பங்குப் பள்ளியொன்றில் வைத்துப் பார்ப்போம். கல்வியியல் பட்டம் பெற்று, நடுநிலைப் பள்ளி ஒன்றில் இவ்வாண்டு பணியில் சேர்ந்திருக்கும் ஓர் இளம் ஆசிரியையை நம் மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம்.

முதல் ஊற்று, தானே செய்து வெற்றி கண்ட அனுபவம். நான்கனுள் இதுவே வலிமை மிக்கது. வாசிக்கத் தெரியாதிருந்த மாணவன் ஒருவன் தன் உழைப்பால் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறியேனும் வாசித்து முடித்ததைக் கண்ட ஆசிரியைக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் அவ்வெற்றி கிட்டுமா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. பல பள்ளிகளில் நடப்பது என்ன? பழைய ஆசிரியர்கள் நல்ல வகுப்புகளைத் தங்களுக்கென வைத்துக்கொள்கின்றனர். எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பிரிவு, புதிதாக வந்தவரின் தலையில் விழுகிறது. அவர் பயிலாத பாடமும் அவருக்கே வந்து சேர்கிறது. விடுப்பில் சென்றவரின் வகுப்பையும் அவரே கவனிக்கிறார். இடையில் எமிஸ் இணையப் பதிவுகள், உதவித்தொகைப் படிவங்கள், ஆண்டுவிழா நடனம் என்று வேலைகள் குவிகின்றன. நீந்தத் தெரிந்தவனையும் கல்லைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட்டு, அவன் மூழ்கியதும் "இவனுக்கு நீச்சல் வராது" என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பானது இது. இதைவிடக் கொடியது, அத்தீர்ப்பை அவ்வாசிரியையும் ஏற்றுக்கொள்வது.

இவ்வீழ்ச்சி கற்பனையன்று. அமெரிக்காவில் அனிதா வுல்ஃபோக் ஹாய், ரோண்டா ஸ்பீரோ ஆகிய இருவர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக் காலத்தில் உயர்ந்துவந்த ஆசிரியர்களின் தன்னாற்றல் நம்பிக்கை, முதலாண்டுப் பணியில் சரிந்ததைக் கண்டனர். அச்சரிவின் அளவு, அம்முதலாண்டில் அவர்களுக்குக் கிடைத்த துணையோடு தொடர்புற்றிருந்தது என்பதையும் காட்டினர். பயிற்சிக் கல்லூரியில் வழிகாட்டி அருகில் நின்றார். பணியில் சேர்ந்த நாள்முதல் எவரும் இல்லை. சரிவுக்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

இரண்டாம் ஊற்று, தன்னை ஒத்தவர் செய்வதைக் காண்பது. "அவரால் இயலுமாயின் என்னாலும் இயலும்" என்னும் எண்ணம் அப்பொழுது பிறக்கிறது. ஆனால் ஆசிரியர் தொழிலில் இதற்கு வாய்ப்பு வியக்கத்தக்க அளவில் குறைவு. டான் லார்ட்டி என்னும் சமூகவியலார் 1975ஆம் ஆண்டு எழுதிய நூலில், பள்ளிக்கூடத்தின் அமைப்பை முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு முட்டையும் தன் குழியில் தனியே இருப்பதுபோல, ஒவ்வோர் ஆசிரியரும் தம் அறையில் தனியே இருக்கிறார். தச்சுப் பட்டறையில் இளையவன் மூத்தவனின் கையைப் பார்த்துக் கற்கிறான். மருத்துவமனையில் இளம் மருத்துவர் மூத்தவரோடு படுக்கை படுக்கையாகச் செல்கிறார். ஆனால் இருபது ஆண்டு அடுத்தடுத்த வகுப்பறைகளில் பணியாற்றியும், ஒருவர் பாடம் நடத்துவதை மற்றவர் ஒருமுறையேனும் முழுமையாகக் கண்டிராத ஆசிரியர்கள் நம்மிடையே உள்ளனர்.

ஜப்பானியர் இக்குறையை நீக்க ஒரு நல்ல வழக்கத்தைப் போற்றிவருகின்றனர். ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தை ஒன்றாகத் திட்டமிடுகின்றனர். அவர்களுள் ஒருவர் அதை வகுப்பில் நடத்துகிறார். ஏனையோர் பின்னால் நின்று பிள்ளைகளின் முகத்தையும் ஏட்டையும் கவனிக்கின்றனர். பின்னர் எல்லாரும் அமர்ந்து, எவ்விடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கியது, எவ்விடத்தில் தடுமாறினர் என்று பேசுகின்றனர். பாடம் எல்லாருடையதுமாதலால், அது சறுக்கினாலும் ஒருவர் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கியபொழுது, ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் அம்முறை நடைபெறுவதை நேரில் காணச் செய்தனர். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்பதையும், ஆசிரியர் அவர்களோடு தரையில் அமர்ந்திருப்பதையும் அவர்கள் கண்டனர். பின்னர் 2007-08ஆம் கல்வியாண்டில் அம்முறை மாநிலமெங்கும் பரவியது. காலப்போக்கில் வேறு திட்டங்கள் அதன் இடத்திற்கு வந்துவிட்டன. எனினும் அதன் தொடக்கம் நமக்கு உணர்த்துவது ஒன்று. தம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவர் செய்வதைக் கண்ணால் கண்டவர்க்கு உண்டாகும் துணிவு, சுற்றறிக்கையைப் படித்தவர்க்கு உண்டாவதில்லை.

மூன்றாம் ஊற்று, பிறர் சொல்லும் சொல். "உம்மால் இயலும்" என்று நாம் மதிக்கும் ஒருவர் சொன்னால் மனம் நிமிர்கிறது. ஆனால் எல்லாச் சொல்லும் இப்பயனைத் தருவதில்லை. ஆண்டுவிழா மேடையில் எல்லா ஆசிரியரையும் ஒருசேரப் புகழும் புகழ்ச்சி காற்றோடு போய்விடுகிறது. வகுப்பைக் கண்டிராதவர் கூறும் பாராட்டும் அத்தகையதே. "நேற்று நீங்கள் நீர்ச்சுழற்சியை விளக்கக் கொதிகெண்டியைக் கொண்டுவந்தீர்களே, அதன்பின் அந்தப் பையன் தானாகவே கேள்வி கேட்டான்" என்று தலைமையாசிரியை ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஓராண்டுக்குப் போதும். அதுபோன்றே, கண்டிப்பதிலும் இருவகை உண்டு. பிள்ளைகளின் எதிரிலேயே ஆசிரியையைக் கடிந்துகொள்வது ஒருவகை. அறைக்குள் அழைத்து, "இந்த இடத்தை இப்படிச் செய்து பாருங்கள், வெள்ளிக்கிழமை நானும் வந்து அமர்கிறேன்" என்று கூறுவது மற்றொரு வகை. முன்னது குறையைப் பெருக்குகிறது. பின்னது குறையைக் களைகிறது. சொல்லால் நம்பிக்கையை வளர்ப்பது கடினம். சொல்லால் அதைக் கெடுப்பது எளிது.

நான்காம் ஊற்று, உடலும் உள்ளமும் இருக்கும் நிலை. வகுப்பறையை நெருங்கும்பொழுது நெஞ்சு படபடத்தால், "எனக்கு இது வராது போலும்" என்றே மனம் பொருள் கொள்கிறது. அப்படபடப்பு அச்சத்தால் வந்ததா, அயர்வால் வந்ததா என்று அது ஆராய்வதில்லை. காலை உணவின்றி இரண்டு பேருந்து மாறி வரும் ஆசிரியை. அவர் அமர நாற்காலி இல்லாத ஓய்வறை. பக்கத்து வகுப்பின் இரைச்சலைத் தடுக்கச் சுவரின்றி ஒரு தட்டி மட்டும் நிற்கும் கூடம். தூய்மையற்ற கழிப்பறையால் நாள் முழுவதும் நீர் அருந்தாதிருக்கும் பெண்கள். இவையெல்லாம் கட்டடக் குறைகள் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவை ஒவ்வொன்றும் பிற்பகல் மூன்று மணிக்குக் கரும்பலகை முன் நிற்பவரின் உள்ளத்தில் "என்னால் இயலாது" என்னும் குரலாக ஒலிக்கின்றன.

உதவி கேட்பது இழுக்கா?

இந்நான்கு ஊற்றுகளும் திறந்திருக்கும் பள்ளியையும், அடைபட்டிருக்கும் பள்ளியையும் பிரித்தறிய எளிய சோதனை ஏதும் உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். அப்பள்ளியில் ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரிடம், "இந்த வகுப்பை எனக்கு அடக்கத் தெரியவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.

சூசன் ரோசன்ஹோல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 78 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1989ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியர்கள் தனித்தனியே ஒதுங்கி வாழும் பள்ளிகளில், உதவி கேட்பது தன் திறமையின்மையை ஒப்புக்கொள்வதாகக் கருதப்பட்டது. ஆகவே எவரும் கேட்கவில்லை, கேளாமையால் கற்கவுமில்லை, பேச்செல்லாம் பிள்ளைகளையும் பெற்றோரையும் குறைகூறுவதில் முடிந்தது. ஆசிரியர்கள் கூடி உழைக்கும் பள்ளிகளிலோ, கற்பித்தல் யார்க்கும் கடினமான பணி என்பது எல்லாரும் ஏற்ற உண்மையாக இருந்தது. கடினமான பணியில் உதவி கேட்பது இயல்புதானே? அங்கே மிகச் சிறந்த ஆசிரியரும் பிறரிடம் கேட்டார். ஆதலால் புதியவர் கேட்க நாணவில்லை.

இவ்வேறுபாட்டில் நுட்பமான ஓர் உண்மை அடங்கியுள்ளது. முதல்வகைப் பள்ளியில் தோல்வி ஆசிரியரின் ஆளைச் சுட்டுகிறது. இரண்டாம் வகைப் பள்ளியில் தோல்வி வேலையின் கடினத்தைச் சுட்டுகிறது. ஒரே தோல்விதான். ஆனால் முதலாவதில் அது தீர்ப்பாகிறது. இரண்டாவதில் நாளைக்கான பாடமாகிறது. நம் இளம் ஆசிரியை இவ்விரண்டுள் எப்பள்ளியில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தே, ஐந்தாண்டு கழித்து அவர் எத்தகையவராக இருப்பார் என்பது அமைகிறது.

தலைமையின் பங்கு

இவ்விரண்டுள் எவ்வகையாகத் தம் பள்ளி அமையும் என்பது பெரிதும் தலைமையாசிரியரையும் தாளாளரையும் சார்ந்தது. வேன் ஹாய், அனிதா வுல்ஃபோக் ஆகியோர் நியூஜெர்சியின் 37 தொடக்கப் பள்ளிகளில் 179 ஆசிரியர்களைக் கொண்டு நடத்தி 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. ஆசிரியரின் தன்னாற்றல் நம்பிக்கையோடு சிறப்பாகத் தொடர்புற்றிருந்தவை இரண்டு. பிள்ளைகளால் கற்க இயலும் என்று நம்பிப் படிப்புக்கு முதலிடம் தரும் பள்ளிச் சூழல் ஒன்று. மேலிடத்தில் செல்வாக்குள்ளவராகி, அச்செல்வாக்கைத் தம் ஆசிரியர்களின் நலனுக்குப் பயன்படுத்தும் தலைமையாசிரியர் மற்றொன்று.

தலைமையாசிரியர் இன்முகத்துடன் இருப்பது நன்று. ஆனால் ஆசிரியர் எதிர்பார்ப்பது அதற்கும் மேலானது. மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே இறக்கிவைப்பவர் ஒருவகை. தாம் தடுத்து நின்று, தேவையானதை மேலிடத்தில் கேட்டுப் பெற்றுத் தருபவர் மற்றொரு வகை. நம் பள்ளிகளில் இது தாளாளருக்கும் பொருந்தும். அரசு ஊதியம் பெறும் பணியிடங்களில் இருப்போரும், நிர்வாகம் தரும் சிறு தொகுப்பூதியத்தில் இருப்போரும் ஒரே கூரையின்கீழ் ஒரே பணியைச் செய்கின்றனர். பின்னவரின் ஊதியம் காலத்தில் கிடைக்கிறதா, ஆசிரியர் கூட்டத்தில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டா என்பதெல்லாம் அவரது தன்னம்பிக்கையைத் தொடும் செய்திகள். பாதி மதிப்பைப் பெறுபவரிடம் முழு நம்பிக்கையை எதிர்பார்ப்பது அறமாகாது.

பெருஞ்செலவில்லாமல் உடனே செய்யத்தக்கன சில உண்டு. முதலாண்டு ஆசிரியருக்கு மிகக் கடினமான பிரிவைத் தராதிருக்கலாம். அவர்க்குத் துணையாக மூத்த ஆசிரியர் ஒருவரைக் குறித்துக் கொடுக்கலாம். வாரத்தில் ஒரு பாடவேளை, மற்றொருவரின் வகுப்பில் சென்று அமர அவருக்கு இடந்தரலாம். தலைமையாசிரியரே முதலில் தம் வகுப்பைத் திறந்துவைத்து, "வந்து பார்த்துக் குறை சொல்லுங்கள்" என்று அழைக்கலாம். அவ்வொரு செயல் பல பயிற்சி முகாம்களைவிட மிகுதியாகச் சாதிக்கும்.

ஒரு தடை

"எல்லாம் பள்ளியின் குற்றமா? ஆசிரியருக்குப் பொறுப்பில்லையா?" என்று சிலர் வினவுவர். பொறுப்பு உண்டு. பாடக்குறிப்பு எழுதாமல் வருபவருக்கும், கைப்பேசியில் மூழ்கியிருப்பவருக்கும் சூழலைச் சாக்காகத் தர நாம் முன்வரவில்லை. மிக வறண்ட பள்ளியிலும் தளராது ஒளிரும் ஆசிரியர்கள் உள்ளனர் என்பதும் உண்மை. அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் பாறையில் ஆலங்கன்று முளைப்பதைக் கண்டு, எல்லாப் பயிரையும் பாறையிலேயே நடலாம் என்று எந்த உழவரும் முடிவு செய்வதில்லை.

தன்னம்பிக்கை எல்லை மீறுவதும் தீங்கே. "எனக்கு எல்லாம் தெரியும்" என்பவர் கற்பதை நிறுத்திவிடுகிறார். "இன்று நான் நடத்தியது விளங்கியதா?" என்னும் சிறு ஐயம் நல்லாசிரியரின் அடையாளம். அவ்வையம் அவரை மறுநாள் வேறு வழி தேடத் தூண்டுகிறது. "நான் எது செய்தாலும் விளங்காது" என்னும் ஐயமோ வேறு இனத்தது. அது வந்தபின் ஆசிரியர் எளிய வேலையையே தருகிறார். மெல்லக் கற்பவனிடம் வினா கேட்பதை விடுகிறார். விடை எழுதிப் போட்டு நகலெடுக்கச் செய்கிறார். தேர்வில் மதிப்பெண் குறைகிறது. "நான் அப்பொழுதே சொன்னேனே" என்று அவ்வையம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. இச்சுழலை உடைக்க ஒருவர் தனியே போராடுவது அரிது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

அன்பான பெற்றோரே, பள்ளிச் சூழல் என்பது மதிலுக்குள் அடங்கிய ஒன்றன்று. நாமும் அதில் ஒரு பகுதி. இதை எண்ணி நம் இல்லங்களில் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

உணவு வேளையில் பிள்ளையின் எதிரே ஆசிரியரை இழித்துப் பேசாதிருப்போமாக. "உங்கள் டீச்சருக்கு ஒன்றும் தெரியாது" என்று இரவு நாம் சொன்ன சொல், மறுநாள் காலை வகுப்பில் அப்பிள்ளையின் பார்வையாக அவர்முன் நிற்கும். குறை உண்மையாயின், முதலில் அவ்வாசிரியரையே தனியே கண்டு பேசுவோம். அங்கே தீராவிடில் தலைமையாசிரியரிடம் செல்வோம். பெற்றோர்களின் வாட்சப் குழுவில் இட்டு ஊரறியச் செய்வது எவ்வகையிலும் முதற்படியாகாது. எனினும் பிள்ளையை அடித்தல், இழிவுசெய்தல், அவன் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்தல் போன்றவற்றில் இத்தகைய பொறுமைக்கு இடமில்லை. அவற்றை உடனே உரியவரிடம் முறையிடுவது நம் கடமை.

நன்மை கண்டால் அதனையும் சொல்வோம். குறை சொல்லச் செலவிடும் நேரத்தில் பாதியையேனும் இதற்குச் செலவிடலாம். "மிக நன்றாக நடத்துகிறீர்கள்" என்னும் பொதுச் சொல்லைவிட, "சென்ற மாதம் வரை கடிதம் எழுத அஞ்சியவள், தன் பாட்டிக்குத் தானே ஒரு கடிதம் எழுதினாள்" என்று கூறுவது நூறு பங்கு பயன் தரும். ஏனெனில் ஆசிரியர் விதைத்தது முளைப்பதைப் பெரும்பாலும் வீடே காண்கிறது. நாம் சொல்லாவிடில் அவ்வெற்றி நிகழ்ந்ததையே அவர் அறியார். முதலாம் ஊற்றின் நீர் இப்படி நம் கையிலும் இருக்கிறது.

பள்ளி வாயிலில் தொங்கும் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சிப் பலகையை மட்டும் கொண்டு பள்ளியை அளக்காதிருப்போமாக. அவ்வளவுகோலை நாம் எவ்வளவுக்கு வற்புறுத்துகிறோமோ, அவ்வளவுக்குப் பள்ளி ஆசிரியரை நெருக்கும். அவர் பின்தங்கிய பிள்ளையைச் சுமையாகக் காண்பார். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்குச் செல்லும்பொழுது, மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாமல் வேறொன்றும் கேட்போம். "எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உங்களுக்கு இப்பள்ளியில் என்ன குறைவாக இருக்கிறது?" என்று கேட்போம். விடை ஒரு மின்விசிறியாக இருக்கலாம். ஒரு கழிப்பறைக் கதவாக இருக்கலாம். வாரத்தில் ஒருமணி நேர ஓய்வாக இருக்கலாம். நம்மில் ஒரு தச்சர், ஒரு மின்பணியாளர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் இல்லாமலா போவர்?

நம் குடும்பங்களிலிருந்தே பலர் ஆசிரியப் பணிக்குச் சென்றிருக்கின்றனர். மாலையில் கட்டுரை ஏடுகளைச் சுமந்து வீடு திரும்பும் மகளிடமோ மருமகளிடமோ, "இன்று சம்பளப் பட்டியல் வந்ததா?" என்று மட்டும் கேளாமல், "இன்று எந்தப் பிள்ளைக்கு விளங்கியது?" என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையில் அவர் பள்ளி எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

இவ்வாண்டு நம் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் வாய்ப்பார் என்பது நம் கையில் இல்லை. வாய்த்த ஆசிரியர் எத்தகையவராக வளர்வார் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கைச் செலுத்த அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை பிள்ளையைப் பள்ளியில் விடும்பொழுதே தொடங்கலாம்.